மரியாதையாகக் கேட்ட கேள்வி

துண்டு ஏற்றுமதி செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு ஆபீஸ் வேலை. வெளிநாட்டுக்காரர்களுக்கு மெயில் போடுவதும் போனில் பேசுவதும் என் பொறுப்பு. ஒருமுறை நான் "வொய் யூ நாட் சென்ட் கலர் கார்டு?" என்று எழுதியதை முதலாளி பார்த்துவிட்டார்.

"ஏம்மா, வாங்குற ஆள்ட்ட போலீஸ்காரன் மாதிரியா கேப்ப? கொஞ்சம் மருவாதியா கேளும்மா."

சுருக்கென்றது. தமிழில் 'அனுப்பலையா'வோடு ஒரு 'ங்க' சேர்த்தால் போதும். ஆங்கிலத்தில் அதை எங்கே கொண்டுபோய் ஒட்டுவது? தாடிக்கொம்பிலிருந்து திண்டுக்கல் வரும் பஸ்ஸில் தினமும் யூடியூப் பார்த்துப் படித்தேன். இருப்பதிலேயே பெரிய மரியாதை 'வுட் யூ மைண்ட்' என்றார்கள்.

திங்கட்கிழமை போகவேண்டிய சரக்கு வெள்ளிக்கிழமையாகியும் பாதிகூட முடியவில்லை. வாங்குபவருக்கு போன் போட்டேன்.

"வுட் யூ மைண்ட் வெயிட்டிங் டில் வெட்னஸ்டே?"

"நோ, நோ. நாட் அட் ஆல்" என்று சிரித்துக்கொண்டே சொல்லி வைத்துவிட்டார்.

இல்லவே இல்லையாம். மறுப்பதற்குச் சிரிப்பு வேறா என்று எரிச்சலாக இருந்தது.

"காத்திருக்க மாட்டாராம் சார்" என்றேன். ஞாயிற்றுக்கிழமையும் எல்லோரும் வரவேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

பேக்கிங் பார்க்கும் அக்கா என்னிடம் ஓடிவந்தார். "ஞாயித்துக்கெழம எம் மகளுக்குப் புதுநன்மைப்பா. பெத்தவ நான் கோயில்ல நிக்க வேணாமா? நீயாவது சொல்லேன்."

சர்ச்சில் பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள், அம்மா பக்கத்தில் இருக்கவேண்டும் என்று சொன்னேன். முதலாளி கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்கா வேலைக்கு வந்தார். பதினோரு மணிக்கு அவர் போனுக்கு ஒரு போட்டோ வந்தது. வெள்ளை கவுனில், கையில் மெழுகுவர்த்தியோடு மகள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு துண்டு மடிக்க உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை சரக்குப் போனதும் அந்த ஆளிடமிருந்து மெயில். புதன்வரை காத்திருப்பதாகச் சொன்னேனே, எதற்கு இத்தனை அவசரம் என்று கேட்டிருந்தார்.

பிறகுதான் தேடிப் பார்த்தேன். 'வுட் யூ மைண்ட்' என்றால் 'உங்களுக்குச் சிரமமா' என்று கேட்பதாம். 'நோ' என்றால் சிரமமில்லை, சரி என்று அர்த்தமாம். கேட்கச் சொல்லிக்கொடுத்த ஒருவரும் பதிலைப் பற்றி வாயே திறக்கவில்லை. போனைத் தூக்கி எறியலாம்போல் இருந்தது.

"விடும்மா, சரக்கு சீக்கிரம் போயிருச்சுல்ல" என்றார் முதலாளி.

அக்காவிடம் மறைக்க மனசு வரவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நான் போயிருக்கலாமா?" என்றார்.

"போயிருக்கலாம்க்கா."

அவர் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டப் போய்விட்டார். அதன்பிறகு இரண்டு முறை மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "விடுப்பா, ஒனக்குத் தெரியாதுல்ல" என்கிறார். வேலைப் பேச்சு மட்டும்தான் பேசுகிறார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.