பூத்த காப்பித் தோட்டத்தில் ஓடாமல் நின்றவள்

1. போன வருடம் மார்ச் மாதம், ஏற்காட்டில் நாகலூருக்குப் பக்கத்து எஸ்டேட் பங்களா ஒன்றில் நடந்த பௌத்தத் தியான முகாமுக்குப் போனேன்.

2. கோடையின் முதல் மழை பெய்திருந்ததால் காப்பிச் செடிகள் பூத்திருந்தன.

3. ஒரு நாள் காலை தோட்டத்துக்குள் நடந்தபோது ஒரு பெண் என்னைக் கூப்பிட்டாள். நான் நிற்கவில்லை.

4. பெருந்தேனீக் கூட்டம் என்மேல் இறங்கியது.

மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கும் வேலை எனக்கு. எதையும் இப்படி வரிசைப்படுத்தி எழுதிவிட்டால் பாதி புரிந்துவிடும். அந்தக் காலை மட்டும் வரிசைக்குள் அடங்க மறுக்கிறது.

முகாமுக்குப் போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சில மாதங்களாக எனக்குத் திடீர் திடீரென்று படபடப்பு வந்துகொண்டிருந்தது. அலுவலகக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு அடித்துக்கொள்ளும், விரல்கள் மரத்துப்போகும், எழுந்து வெளியே ஓடிவிடுவேன். இதயத்தில் கோளாறு இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தியானமும் உதவவில்லை என்றால் வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

முகாமில் பேசக் கூடாது. நடக்கும்போது பார்வை பாதத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். ஏதாவது சத்தம் காதில் விழுந்தால் 'கேட்கிறது' என்று மனதுக்குள் குறித்துக்கொண்டு மூச்சுக்குத் திரும்பிவிட வேண்டும். இந்த மாதிரி விதிமுறைகளைப் பின்பற்றுவதில் நான் கெட்டிக்காரி.

அன்று பனி பாதி கலைந்திருந்தது. செடிகளின் கிளை தெரியாத அளவுக்கு வெள்ளைப் பூ. மல்லிகையை ஒத்த வாசனை தோட்டம் முழுவதும் தேங்கி நின்றது. தரையில் நடக்கிறேனா, பனிக்குள் மிதக்கிறேனா என்று சொல்ல முடியாத மயக்கம். எங்கிருந்தோ ஒரு பெண் குரல், நான் போகும் பக்கம் வேண்டாமென்று, "ஏனுங்க, அக்கட்டால போவாதீங்க" என்றது. கேட்கிறது, கேட்கிறது என்று குறித்துக்கொண்டேன். மறுபடியும் கூப்பிட்டது. அதையும் குறித்துக்கொண்டேன். மனம் இவ்வளவு அசையாமல் இருக்கிறதே என்று பெருமையாகக்கூட இருந்தது.

ரீங்காரம் தலைக்கு மேல் வந்த பிறகுதான் நிமிர்ந்தேன். சில்வர் ஓக் மரத்தின் தாழ்ந்த கிளையில், பூவைத் தேடி வந்த தேனீக் கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. நான் நேர் கீழே நின்றிருந்தேன். சால்வையில், கையில், கன்னத்தில் வந்து உட்கார்ந்தன. நெஞ்சு பழையபடி அடிக்கத் தொடங்கியது. கால்கள் ஓடத் தயாராகிவிட்டன.

"ஓடிறாதீங்க. அப்பிடியே நில்லுங்க. நானும் இங்கயேதான் நிக்கறேன் பாருங்க."

செடி வரிசைக்கு அந்தப் பக்கம், கையில் சோற்றுத் தூக்குப்போசியோடு ஒரு பெண். எஸ்டேட்டில் வேலை செய்பவள், என் வயதுதான் இருக்கும். மூச்சைக் கவனிக்கப் பார்த்தேன். மூக்கின் கீழே ஒரு தேனீ நடந்துகொண்டிருந்ததால் அங்கே மனதை வைக்க முடியவில்லை. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். நேற்றுக் குழம்பில் உப்பை இரண்டு முறை போட்டுவிட்டாளாம். மாமியார் குறையே சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு, பக்கத்து ஊட்டுக்குப் போய்ச் சொல்லிச் சிரித்தாராம். கணவனின் குறட்டைக்குப் பயந்து பூனை வெளியே படுக்கிறதாம். மெதுவாக, ஏற்ற இறக்கம் இல்லாமல், தொட்டிலை ஆட்டுவதைப் போல் சொன்னாள்.

அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மணிக்கட்டில் ஒன்று கொட்டியது. வலி எரிந்து, பரவி, தணிந்ததைப் பார்த்தேன். படபடப்பும் உச்சிக்குப் போய், அங்கேயே சற்று நின்று, தானாக இறங்கியது. அதுவரை அது இறங்குவதை நான் பார்த்ததே இல்லை. எப்போதும் அதற்கு முன்பே ஓடியிருக்கிறேன். பிறகு ரீங்காரம், வாசனை, வெள்ளை, குரல் எல்லாம் ஒன்றாகி, நான் எங்கே முடிகிறேன் என்பதே தெரியாமல் போனது.

தேனீக்கள் ஒவ்வொன்றாகக் கிளைக்குப் போய்க் கொத்தாகத் தொங்கின. அவள் சொன்னபடி அடிமேல் அடி வைத்துப் பின்னால் நகர்ந்து அவளிடம் போய்ச் சேர்ந்தேன்.

"எத்தன வாட்டி கூப்புட்டேன். காது கேக்காத புள்ளையாட்டம் போறீங்களே" என்று கடிந்துகொண்டாள். பங்களாவுக்கு வருகிறவர்கள் ஒருவருக்கொருவர் பேசாமலே திரிகிறார்களே, எல்லாருக்கும் ஊட்டுக்காரரோடு சண்டையா என்றும் கேட்டாள். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடி குனிந்தபோதுதான் அவள் கையிலிருந்த தூக்குப்போசி நடுங்குவதைக் கவனித்தேன். முந்தின வருடம் இதே தேனீக்கள் கொட்டியதில் முகம் வீங்கி, கண் திறக்க முடியாமல் கிடந்தாளாம்.

மௌன விரதத்தை முறித்துப் பேசினேன். "அப்புறம் ஏங்க ஓடல?"

"நொம்பப் பயம்தானுங்க. நான் ஓடுனா நீங்களும் ஓடிருவீங்கல்ல" என்று சொல்லிவிட்டு, நேரமாகிவிட்டது, பேர் பதியும் ரைட்டர் திட்டுவார் என்று வேகமாகப் போய்விட்டாள். அவள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

பயமே இல்லாதவர்களுக்குத்தான் நிலையான மனம் வாய்க்கும் என்று அதுவரை நம்பியிருந்தேன். கை நடுங்க நடுங்க இன்னொருத்திக்காக நின்ற அவளிடம்தான் அதை முதன்முதலில் நேரில் கண்டேன். வேலையை விடவில்லை. தினமும் காலையில் கண்மூடி உட்காருகிறேன். படபடப்பு இன்னும் வருகிறது. அது இறங்கும் வரை நான் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறேன்.