நீலச் சீலை யாருடையது?

போன வருடத் தொடக்கத்தில், நெடுங்கேணிப் பக்கம் எங்கள் ஊரில் நடந்தது இது. படிப்பை இடையில் விட்ட இளம் தாய்மாருக்கு எங்கள் மாதர் சங்கக் கட்டடத்தில் பின்னேர வகுப்பு நடக்கிறது. அங்கே வெளியூர்களிலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் பழைய உடுப்புகள் வரும். அவற்றைத் தோய்த்து, பொத்தான் தைத்து, மடித்து வைப்பது என் வேலை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆட்களோடு கதைக்கவும் கூச்சம். அதனால் உள்ளே போகாமல் விறாந்தையில் இருந்துதான் தைப்பேன்.

வகுப்புக்கு வந்தவர்களில் ஒரு பிள்ளைக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். மகனை முதலாம் வகுப்பில் சேர்த்திருந்தாள். அதுவரை எல்லா இடமும் போய்க் கையெழுத்து வைத்தது மாமியார்தான். இனிமேல் பள்ளிக்கூடப் படிவங்களைத் தானே நிரப்ப வேண்டும் என்றுதான் படிக்க வந்தாள். முதல் பெற்றோர் கூட்டம் வந்தது. எங்கள் பக்கம் தாய்மார் சீலை உடுத்தித்தான் பள்ளிக்கூடத்துக்குள் போக வேண்டும்.

"படிவம் நிரப்பிட்டன் ஆச்சி. உடுத்திக்கொண்டு போகத்தான் ஒண்டும் இல்லை" என்று சிரித்தாள்.

பையில் வந்த நீலச் சீலை ஒன்றை எடுத்து, அதோடு வந்த சட்டையை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது.

அந்தக் கிழமை, சீலையைத் தந்த அம்மா கடையடியில் என்னைக் கண்டார். "என்ர நீலச் சீலை ஆருக்குப் போனது?" என்று கேட்டார். தந்தவருக்குச் சொல்வதுதானே மரியாதை என்று நினைத்து, இன்னாருக்கு என்று சொல்லிவிட்டேன்.

கூட்டத்தில் தாய்மார் ஒவ்வொருவராக எழும்பி, தங்கள் பிள்ளையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிப் படிவத்தைக் கொடுக்க வேண்டும். அவள் அதை வகுப்பில் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தவள். அவளுடைய முறை வர எழும்பினாளாம். அந்த அம்மாவும் அங்கே இருந்திருக்கிறார். நல்ல மனதோடுதான் சொன்னாராம்: "பிள்ளை, என்ர சீலை உமக்கு நல்ல வடிவா இருக்கு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம். அவள் மகனைப் பற்றி ஒன்றும் சொல்லாமலே படிவத்தைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டாளாம்.

மறுநாள் அந்தச் சீலை தோய்த்து மடித்தபடி விறாந்தையில் கிடந்தது. ஆள் வகுப்புக்கு வரவில்லை. அடுத்த கிழமையும் வரவில்லை. நடந்ததை மற்றப் பெண்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மூன்றாம் கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் பிள்ளை அவவுக்குச் சொன்னனான்" என்றேன்.

"தெரியும். நீங்கள் வருசத்துக்கு ஒருக்காத்தான் வாய் திறக்கிறனீங்கள். அதுவும் என்ர கதையைச் சொல்லவோ ஆச்சி?"

அவள் கையிலிருந்ததைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

"சரி, நாளைக்கு வாறன். ஆனா நீங்களும் கொப்பியோட உள்ளுக்கு வந்து இருக்க வேணும். எல்லாரும் பாக்கேக்க எப்பிடிக் கூசும் எண்டு உங்களுக்கும் தெரியட்டும்."

மறுநாள் உள்ளே போய் அவளுக்குப் பக்கத்தில் வாங்குப் பலகையில் இருந்தேன். "ஆச்சி எந்தச் சோதினைக்குப் படிக்கிறா?" என்று ஒருத்தி கேட்க, வகுப்பே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. ஒரு மணித்தியாலம் கொப்பியிலிருந்து தலை நிமிர்த்தவில்லை.

அடுத்த தவணைக் கூட்டத்துக்கு அதே நீலச் சீலையை அவளே கேட்டு வாங்கி உடுத்திப் போனாள். மகனைப் பற்றிச் சொல்ல வேண்டியதை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் இருந்தாளாம்.

இப்போதும் உடுப்புத் தந்தவர்கள் வழியில் கண்டால், தங்களுடையது யாருக்குப் போனது என்று கேட்பதுண்டு. ஞாபகமில்லை என்பேன். வயது போய்விட்டது, மறதி என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டும். ஒவ்வொன்றும் யாரிடமிருந்து வந்து யாருக்குப் போனது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த வாங்கில் இருந்த ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு, அது என் வாயிலிருந்து வருவதில்லை.