திமிங்கிலத்தின் துடுப்பில் ஒரு நீலச் சட்டை

போன வாரம் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். கண்காட்சி. தலைப்பு 'கடலைக் காப்போம்'. நான்தான் சிறப்பு விருந்தினர் — வேறு யாரும் சிக்கவில்லை போலிருக்கிறது!

'மலையடிவாரத்துல உக்காந்துக்கிட்டு கடலைப் பத்தி என்னவே கவலை?' என்று கேட்கிறீர்களா? நானும் அதையே நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

வாசலிலேயே பொன்னாடை போர்த்திவிட்டார்கள். உள்ளே போனால், எல்லாக் கண்காட்சியிலும் இருக்கிற அதே எரிமலை புகைந்துகொண்டிருந்தது. கடலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? கேட்கக்கூடாது. செய்த பையன் மனசு கஷ்டப்படும்.

அடுத்த மேசையில் இசக்கி. ஒன்பதாம் வகுப்பு. மைக்ராஸ்கோப் மேல் ஒரு செல்போனைக் கட்டி, அதை டிவியோடு இணைத்திருந்தாள். திரையில் நீலமாக ஏதோ வளைந்து கிடந்தது.

"புழுவாம்மா?"

"இல்ல சார். சட்டை!"

தாமிரபரணி கடலில் கலக்கிற புன்னைக்காயலில் பாட்டிலில் பிடித்துவந்த தண்ணீராம். அதில் ஒரு சொட்டு. "பாலியஸ்டரும் பிளாஸ்டிக்தான் சார். தண்ணியில கெடந்தா இழை இழையாப் பிரியும். லேசுல மக்காது. மீனு இரைன்னு நெனச்சுத் திங்கும்..." மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு வந்தவள், நடுவில் என் பொன்னாடையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மெல்லக் கழற்றி, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் அண்ணாந்து பார்த்தேன். ஹால் நடுவே ஒரு திமிங்கிலம் தொங்குகிறது! தலை முதல் வால் வரை துணி. முதுகுக்குச் சேலைகள், வயிற்றுக்கு வேட்டிகள், துடுப்புக்கு ஒரு நீலச் சட்டை. ஓவிய டீச்சரும் இசக்கியின் வகுப்புப் பிள்ளைகளும் மூணு மாசமாகத் தைத்ததாம். இத்தனை துணி எங்கே கிடைத்தது? பாபநாசம் படித்துறையில்.

நம்ம பக்கத்து வழக்கம்தான் தெரியுமே. காரியம் முடிந்ததும் இறந்தவர்களுடைய துணியை ஆற்றில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவோம். அதைத்தான் பிள்ளைகள் பொறுக்கி, வெந்நீரில் அலசி, காயவைத்துத் தைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு துணிக்கும் பின்னால் யாரோ ஒருவருடைய அப்பா, யாரோ ஒருவருடைய புருஷன் இருப்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை. அவர்களைச் சொல்வானேன்? நானும் 'ஆகா, ஓகோ' என்று போட்டோ எடுத்துக்கொண்டுதான் நின்றேன்.

அப்போது ஒரு அம்மா வந்து துடுப்புக்குக் கீழே நின்றார். பெயர் கோமதி. எரிமலைப் பையனுடைய தாய். கை நீட்டிச் சட்டைப் பையைத் தொட்டார். கிழிந்த இடத்தைப் பச்சை நூலால் தைத்திருந்தது.

"இது எங்க வீட்டுல அவுக சட்டைல்லா... நீல நூலு இல்லேன்னு நான்தான பச்சையில தச்சேன்!"

கணவர் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லையாம்.

ஹாலில் முணுமுணுப்பு. "செத்தவுக துணியா? பிள்ளைக படிக்கிற எடத்துலயா?" தலைமையாசிரியருக்கு வேர்த்துவிட்டது. பாவம், பெற்றோருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே! "டீச்சர், ஏணியைக் கொண்டாரச் சொல்லுங்க. இப்பமே கழத்திருவோம்" என்றார்.

இசக்கி முகத்தைப் பார்க்க முடியவில்லை. மூணு மாச உழைப்பு போகிறதே என்ற துக்கம் ஒரு பக்கம். ஒரு அம்மாவை அழவைத்துவிட்டோமே என்ற பதற்றம் இன்னொரு பக்கம். "மன்னிச்சிருங்க அத்தை... தெரியாம எடுத்துட்டோம்."

கோமதி அவளையே பார்த்தார். "எடுக்காம ஆத்துலயே விட்டிருந்தா என்னளா ஆயிருக்கும்?"

என்னிடம் கடகடவென்று ஒப்பித்ததுதான் பதில். புருஷனைப் பறிகொடுத்தவரிடம் எப்படிச் சொல்வது? நானாக இருந்தால் ஏதாவது பொய் சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் சொல்லிவிட்டாள்.

"இழை இழையாப் பிரிஞ்சு கடலுக்குப் போவும் அத்தை. மீனு திங்கும். செலது வயிறு அடைச்சுச் செத்துரும்."

கோமதி முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"அவுக ஒரு எறும்பை மிதிக்க மாட்டாக. வாசல்ல எறும்பு போனா எங்களையும் வெலகி நடக்கச் சொல்லுவாக. அவுக சட்டை போயி மீனைக் கொல்லணுமா?" தலைமையாசிரியர் பக்கம் திரும்பினார். "கழத்தாதீய சார். இங்கனயே இருக்கட்டும்."

வெட்கப்படாமல் சொல்கிறேன்... அழுதுவிட்டேன்.

முணுமுணுத்தவர்களும் அடங்கிவிட்டார்கள். அந்த அம்மாவே சொன்ன பிறகு யார் என்ன பேசுவது? ஏணி வந்த வழியே திரும்பிப் போனது.

நாம் என்ன கெட்டவர்களா? பாசத்தில்தானே ஆற்றில் விடுகிறோம்? போனவர் நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்றுதானே? படித்துறையோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம், அவ்வளவுதான். 'ஆற்றைக் கெடுக்காதே' என்று போர்டு வைத்துத் திட்டினால் நமக்கு ரோஷம்தான் வரும். ஒரு சொட்டுத் தண்ணீரையும் ஒரு துணித் திமிங்கிலத்தையும் காட்டினால் — கொஞ்சம் நின்று பார்க்கிறோம்.

நான் கிளம்பும்போதும் கோமதி அங்கேயேதான் நின்றிருந்தார். அண்ணாந்து பார்த்தபடி இசக்கியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"வாலு குட்டையால்லா இருக்கு! வருசத் திதிக்கு ஆத்துல விடலாம்னு அவுக சட்டை இன்னும் ரெண்டு வச்சிருக்கேன். நாளைக்கு எம் மவன்கிட்ட குடுத்து விடுதேன். நல்லா நீளமாத் தையி."

ஆற்றுக்கு ரெண்டு சட்டை பாரம் குறைந்தது. ஒரு கண்காட்சிக்கு இது போதாதா?