நாலு டிகிரி பொய்

மண்டபம் கடற்கரையில் ஐஸ் பிளான்ட் போட்டது நான். ஒரே வருசத்தில் உப்புக்காற்று தின்றுவிடும் குழாய்களைப் பதினெட்டு வருசம் ஓட வைத்ததும் நான். கடலாடியில் குளிர்கிட்டங்கி கட்டினேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது.

என் மகள் ராமநாதபுரத்தில் பாக்டீரியா ஆராய்ச்சி செய்கிறாள். ஒருநாள் ஐஸ் பெட்டியில் விளைமீன் கொண்டுபோனேன். ஆய்வுக்கூடத்தில் முகம் செத்து உட்கார்ந்திருந்தாள்.

"மூணு வருச வேலை போச்சுய்யா. எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா ஆரம்பிக்கச் சொல்றாக."

விளக்கினாள். பாக்டீரியாவின் டி.என்.ஏ ஒரு வளையம். ஓரிடத்தில் தொடங்கி இரண்டு பக்கமும் நகல் ஓடி, எதிர்ப்பக்கத்தில் சந்திக்கும். அங்கே மிச்சத்தை நறுக்கி, முனையைச் சேர்த்து முடித்து வைக்கச் சில என்சைம்கள் உண்டு. அதில் ஒன்று பழுதான பாக்டீரியா இவளுடையது; சூட்டை ஏற்றி இறக்கக்கூடிய தண்ணீர்த் தொட்டியில் வைத்து வளர்க்கிறாள். முப்பது டிகிரியில் அந்த என்சைம் ஒழுங்காக வேலை செய்யும், நாற்பத்திரண்டில் சுருண்டுவிடும். அப்போது நகல் எங்கே நிற்கிறது என்று பார்த்தால், அதன் வேலை என்னவென்று தெரிந்துவிடும்.

எனக்கா புரியாது? எத்தனை அடி குழாய் வளைத்தாலும் கடைசி இணைப்பில் பற்றவைப்பு பிடிக்காவிட்டால் கேஸ் நிற்காது. தொடங்க ஆயிரம் பேர் வருவான், முடிக்கிறவன்தான் இல்லை.

"இப்ப நாற்பத்திரண்டுலயும் முடிச்சிருது. பாக்டீரியா பழைய குணத்துக்கே திரும்பிருச்சுன்னு கைடு சார் சொல்றாக."

"தொட்டித் தண்ணி சூடு சரியா?"

"அதான் டிஸ்ப்ளேல போட்டிருக்குல்ல."

"போட்டிருந்தா?"

எங்கள் தொழிலில் மீட்டர் சொல்வதை எவனும் அப்படியே நம்பமாட்டான். உருகும் ஐஸில் விட்டால் பூஜ்யம் காட்டுகிறதா என்று முதலில் பார்ப்போம். அவள் மீன்பெட்டி ஐஸை அள்ளப் போனாள்.

"அது உப்புத்தண்ணி பட்ட ஐஸுத்தா. பூஜ்யத்துக்குக் கீழ இழுத்துரும். நீயெல்லாம் சயின்ஸ் படிச்ச!"

சிரித்துவிட்டாள். ஃப்ரிட்ஜிலிருந்த நல்ல தண்ணீர் ஐஸை நொறுக்கி, தொட்டியின் சென்சாரைக் கழற்றி உள்ளே விட்டேன். நாலு காட்டியது. வெந்நீரில் விட்டு நல்ல தெர்மாமீட்டரோடு ஒத்துப் பார்த்தோம். அங்கேயும் அதே நாலு கூடுதல். அவள் நாற்பத்திரண்டு என்று நம்பியது வெறும் முப்பத்தெட்டு.

நாலு கூட்டி வைத்து மறுபடி செய்தாள். "நின்னுருச்சுய்யா! முடிக்கிற இடத்துல வந்து நின்னுருச்சு!" என்று போனில் கத்தினாள். ஒரு வேலை நின்றுபோனதற்கு நான் சந்தோசப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.

இப்போது ஆய்வேடு அச்சுக்குப் போகிறது. முதல் பக்கத்தில் 'பெற்றோருக்கு' என்று போட்டிருக்கிறாள். நன்றிப் பக்கத்தில் சார், தோழிகள், கண்ணாடிக் குழாய் கழுவியவர் வரைக்கும் இருக்கிறார்கள். நான் இல்லை.

பெற்றதற்கான நன்றியை உன் அம்மாவே வைத்துக்கொள்ளட்டும், தாயி. தொட்டி நாலு டிகிரி பொய் சொன்னதைக் கண்டுபிடித்தது ஒரு ஐஸ் பிளான்ட்காரன் என்று நன்றிப் பக்கத்தில் எழுது. எழுதிவிட்டு அச்சுக்குக் கொடு.