தேரன்று கூடிய சந்தை

"வியாழன். ஆடிப்பூரத் தேர். மில் லீவு. சின்னம்மாவிடம் நாவல்பழம். மழை இல்லை."

என் பழைய பாக்கெட் டயரியில் அன்றைய பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான். எழுத்துக்குப் பக்கத்தில் ஊதா நிறத்தில் ஒரு பெருவிரல் கறை இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் தெற்கு ரத வீதி முக்கில் சாக்கை விரித்துச் சின்னம்மா நாவல்பழம் விற்றுக்கொண்டிருந்தாள். சின்னம்மா என்றால் என் அம்மாவுக்கு நேர் இளையவள். காகிதப் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு, சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த டயரியை உருவினாள். "எந்நேரமும் இதுல என்னத்தலே எழுதுவ?" என்று புரட்டிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தாள். அப்போது பட்ட கறை அது.

எந்த வருடம் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. வருடத்தைச் சொன்னால் எங்கள் ஊரில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அவரைக் காப்பாற்றுவதற்காக மறைக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பழைய சந்தைத் திடலில் இப்போது நிற்கும் வணிக வளாகத்தின் முகப்பில் அவர் பெயர் கல்லில் இருக்கிறது. இன்னொரு இடத்திலும் அந்தப் பெயர் அச்சேறுவதற்கு என் கை உதவாது. செயலாளர் என்றே சொல்கிறேன். சந்தை வியாபாரிகள் சங்கத்தின் செயலாளர்.

எங்கள் சந்தையின் நூறு வருடக் கதையை முப்பது ஆண்டுகளாகச் சேகரித்து வருகிறேன். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீசில் இருந்தவன் நான். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எப்போது வெளியே போனார் என்று குறித்துக் குறித்து, வேலையை விட்ட பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. நூறு வருடத்துக்கு முந்தைய சந்தையை நான் பார்த்ததில்லை. பார்த்தவர்களோடு பழகியவர்களிடம் கேட்டு எழுதியிருக்கிறேன். மேற்கே மலையடிவாரத்திலிருந்து புளியும் நெல்லிக்காயும் வண்டியில் வரும். வ. புதுப்பட்டிப் பக்கத்து ஆட்கள் முந்தின நாளே வந்து மாட்டை அவிழ்த்துவிட்டுப் படுத்துக்கிடப்பார்கள். அந்த வண்டி நிறுத்தம் பிறகு லாரி செட் ஆனது. லாரி செட் இருந்த இடத்தில் இன்று இருசக்கர வாகனக் காப்பகம் இருக்கிறது. உப்பு மூட்டை அடுக்கிய மேட்டில் செல்போன் கவர் விற்கிறார்கள். சேத்தூரிலிருந்து பஸ் பிடித்து வெங்காயம் வாங்க வந்தவர்களின் பேரன்மார் பைக்கில் வந்து பால்கோவா வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். ஊர் மாறட்டும், அதைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. தானாக மாறியது எது, மாற்றப்பட்டது எது என்று பிரித்துக் காட்டத்தான் எழுதுகிறேன்.

சந்தைத் திடலின் நடுவே ஒரு வேப்பமரம் நின்றது. அதன் மேற்கு நிழல் சின்னம்மாவின் இடம். பட்டா இல்லை, சீட்டு இல்லை. அவள் உட்கார்ந்தாள், அதனால் அது அவள் இடம். அங்கிருந்த பெண்கள் எல்லோருக்கும் அப்படித்தான். இடத்துக்குச் சண்டை வந்தால் சின்னம்மாவிடம் வருவார்கள். அவள் எழுந்துபோய்க் காலால் மண்ணில் ஒரு கோடு கிழிப்பாள். அதற்குமேல் யாரும் பேசமாட்டார்கள்.

செயலாளரை நான் முதலில் பார்த்ததும் அந்த மரத்தடியில்தான். தும்பைப்பூ மாதிரி சட்டை, பையில் இரண்டு பேனா. பெண்களைத் தாயி என்றுதான் கூப்பிடுவார். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. சந்தைக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தவர் அவர். அதை மறுக்க மாட்டேன். எந்தக் காகிதத்தையும் நீளவாக்கில் மடித்து, தான் காட்ட நினைக்கும் வரி மட்டும் தெரியும்படி நீட்டுவார். திடலில் கட்டடம் வரப்போகிறது, இடத்தை விட்டுக்கொடுத்தால் உள்ளே கடை கிடைக்கும் என்று அவர் சொன்னபோது, முதலில் முடியாது என்றவள் சின்னம்மா. அவள் சொன்னதால் மற்றவர்களும் முடியாது என்றார்கள்.

இங்கே இரண்டு வழக்கங்களைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, சங்கத்தின் விதி. திடலைப் பற்றிய எந்தச் சம்மதமும் சந்தை நாளில், சந்தையில் இருப்பவர்கள் முன்னால் வாங்கியதாக இருக்க வேண்டும். சந்தை நாள் வியாழக்கிழமை. இன்னொன்று ஊர் வழக்கம். ஆடிப்பூரத் தேர் வியாழக்கிழமையில் வந்துவிட்டால், சந்தையை முந்தின நாள் புதனுக்கு இழுத்துக்கொள்வார்கள். தேரன்று திடலில் ஒரு ஈ காக்கை இருக்காது. வடம் பிடிக்காதவர்களும் ரத வீதிகளில் எதையாவது விற்றுக்கொண்டிருப்பார்கள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள், செயலாளர் மடித்த காகிதத்தோடு மரத்தடிக்கு வந்தார். அன்று சின்னம்மா காய்ச்சலில் படுத்திருந்தாள். எழுத்துத் தெரிந்த டீக்கடைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு முதல் வரியை வாசிக்கச் சொன்னார். சின்னம்மாவின் பெயர், பக்கத்தில் ஊதா மையில் ஒரு பெருவிரல் ரேகை. "பெரிய மனுசி வச்சாச்சு தாயி. நீங்க யாருக்காகக் காத்திருக்கிய?" என்றாராம். அன்று மாலைக்குள் மீதிப் பெண்கள் எல்லோரும் ரேகை வைத்துவிட்டார்கள். தை பிறப்பதற்குள் வேப்பமரம் வெட்டப்பட்டது. கட்டடம் எழுந்தபோது கடைகள் வேறு யார் யாருக்கோ போயின. மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்திக்கும் கிடைக்கவில்லை.

அவர்கள் செயலாளரைத் திட்டவில்லை. சின்னம்மாவைத்தான் திட்டினார்கள். பஸ் ஸ்டாண்ட் சுவரோரம் கூடையோடு உட்கார்ந்தவர்கள், அவள் வந்து உட்கார்ந்தால் எழுந்து தள்ளிப்போனார்கள். வன்னியம்பட்டியிலிருந்து வரும் வாழையிலைக்காரம்மா அவளுக்கு அத்தனை நெருக்கம், ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டவர்கள். அடுத்த ஆடியில் சின்னம்மா நாவல்பழக் கூடையோடு போனபோது, கறைபட்ட அவள் விரலைப் பார்த்து, "ஏட்டி, ஒனக்கு இன்னும் மை அழியலியாக்கும்?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னவர் அந்த அம்மாதான். சின்னம்மா அதன்பிறகு நாவல்பழம் விற்கவே இல்லை. வாங்கித் தின்றும் நான் பார்க்கவில்லை.

நான் செய்ததையும் எழுத வேண்டும். அந்த ஐப்பசியிலேயே, முதல் ரேகை அவளுடையது என்ற செய்தி கேட்டு ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்தேன். அவள் வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தாள். நெசமாவே நீ வைக்கலியா என்று கேட்டேன். ஆய்ந்த வெங்காயத்தை முறத்தில் தள்ளிவிட்டுச் சொன்னாள்.

"வைக்கலய்யா. ஒம் புஸ்தகத்துல எழுதிக்கிடு, வைக்கலன்னு."

நான் எழுதவில்லை. கண்ணால் பார்த்ததை மட்டுமே டயரியில் எழுதுவது என் வழக்கம். அன்றைய பக்கத்தில் இருப்பது, "சின்னம்மா வீடு. காய்ச்சல் விட்டுவிட்டது" என்பதுதான். அவள் இறந்த நாளில் சந்தைப் பெண்கள் யாரும் வரவில்லை. அதையும் தேதியோடு எழுதிவைத்திருக்கிறேன்.

அந்தக் காகிதத்தை நான் முழுதாகப் பார்க்கப் பல வருடம் ஆயிற்று. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகராட்சிக்கு மனுப்போட்டு நகல் வாங்கினேன். மடிப்பில்லாமல் முழுப் பக்கமாக வந்த அந்த நகலில், ரேகைகளுக்கு மேலே செயலாளர் கையெழுத்தில் ஒரு வாக்கியம் இருந்தது: இன்று சந்தை கூடியிருந்த வேளையில் எல்லோரும் மனமொப்பி வைத்தது. கீழே தேதி. ஆவணியிலேயே கட்டட உத்தரவு வந்துவிட்டதால் சம்மதம் அதற்கு முந்தியதாக இருக்க வேண்டியிருந்தது. ஆகவே அவர் காலண்டரைப் பின்னுக்குப் புரட்டி, ஆடியில் ஒரு வியாழனைத் தேடி எடுத்திருக்கிறார். கிழமையைப் பார்த்தவர் நட்சத்திரத்தைப் பார்க்கவில்லை. அந்த வருடப் பஞ்சாங்கத்தை எடுத்தேன். பிறகு என் டயரியை எடுத்தேன். வியாழன். ஆடிப்பூரத் தேர். அந்த நகலை மேசையில் வைத்துவிட்டு ஒரு முழு டம்ளர் காபி குடித்தேன். அவ்வளவு ருசியான காபியை அதற்கு முன்போ பின்போ நான் குடித்ததில்லை.

உடனே ஓடிப்போய் யார் முகத்திலும் எறியவில்லை. காத்திருந்தேன். அந்த வளாகம் மெல்லச் செத்துக்கொண்டிருந்தது. காய்கறி வீட்டு வாசலுக்கே லோடு ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. மீதியைக் குளிரூட்டிய கடைகள் வாங்கிக்கொண்டன. வியாழக்கிழமைதோறும் அங்கே போய்ப் பூட்டிய ஷட்டர்களை எண்ணினேன். எண்ணிக்கை கூடிய வாரத்தில் நடையாகவே பஸ் ஸ்டாண்ட் வந்து சேர்ந்தேன்.

போன வருடம், சந்தையின் நூற்றாண்டுக் கதையை மலராகப் போடுவதென்று சிலர் கூடினார்கள். செயலாளர் சொல்லச் சொல்ல அவர் மகன் எழுதிய ஒரு கட்டுரையும் அதில் இருந்தது. வியாபாரிகள் தாங்களாக முன்வந்து, சந்தையிலேயே சம்மதம் தந்த அந்தப் பொன்னாள் என்று தேதி போட்டு எழுதியிருந்தார்கள். தேதிகளைச் சரிபார்க்க அச்சுப்படி என்னிடம் வந்தது. நான் ஒரு சொல்லையும் அடிக்கவில்லை. அந்தத் தேதியின் மேல் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, பக்கத்தின் அடியில் சேர்த்தேன்: "அன்று ஆடிப்பூரத் தேர். அவ்வாரச் சந்தை முந்தின நாள் புதன்கிழமையே கூடிக் கலைந்தது." குழுவினர் இளைஞர்கள். விவரமான குறிப்பு என்று பாராட்டி அப்படியே அச்சடித்தார்கள்.

வெளியீட்டு விழா காலை பத்து மணிக்கு. செயலாளரைச் சக்கர நாற்காலியில் மேடைக்கு ஏற்றிச் சால்வை போர்த்தினார்கள். சட்டைப்பையில் அதே இரண்டு பேனா. பழைய சந்தைக்காரர்கள் என்று ஏழெட்டுப் பேரை முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். ஒரு கல்லூரி மாணவி அவருடைய கட்டுரையை ஒலிபெருக்கியில் வாசித்தாள். பொன்னாள் வந்தது. அவள் நிறுத்தி, அடிக்குறிப்பையும் அதே இனிய குரலில் வாசித்தாள். மேடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். முன்வரிசை தட்டவில்லை. நான் செயலாளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கை சால்வையை நீளவாக்கில் மடித்துக்கொண்டிருந்தது.

முன்வரிசையில் இருந்த வாழையிலைக்காரம்மா பக்கத்தில் இருந்தவளிடம், தனக்குள் பேசுவதுபோலச் சொன்னது எனக்குக் கேட்டது.

"தேரன்னைக்கா? அன்னைக்கு அவ எங்கூடல்லா இருந்தா. தெக்கு ரத வீதி முக்குல. அவ பழம் வித்தா, நான் எல வித்தேன். பொழுது சாயத்தான எந்திரிச்சோம்."

பிறகு அந்த அம்மா என்னைத் தேடி வந்தார். கண் கலங்கியிருந்தது. "நாங்க அம்புட்டுப் பேரும் அவளப் போயி..." என்று நிறுத்தினார். ஆமாம் என்றேன். நான் ஆறுதலாக ஏதாவது சொல்வேன் என்று நின்றார். ஆறுதல் சொல்ல வேண்டியவள் சின்னம்மா, அவள் இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். எனக்கு அந்தக் குணம் இல்லை. அவர் பஸ்ஸுக்குப் போனார்.

செயலாளரின் நாற்காலியை மகன் தள்ளிக்கொண்டு வந்தார். என் பக்கத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்தார் செயலாளர். பிடி இன்னும் இறுக்கமாகவே இருந்தது. குரல் அன்றும் உயரவில்லை.

"தேதி தப்பா இருக்கலாம் தம்பி. ரேகை தப்பா இருக்காதுல்லா?"

சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. பல் இல்லாத வாயில் அதைக் கண்டுபிடிக்க முடியாது. வண்டி போய்விட்டது.

அன்றிலிருந்து இரண்டு ரேகைகளையும் அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நகலில் உள்ளது ஒன்று, டயரியில் உள்ள நாவல்பழக் கறை இன்னொன்று. பூதக்கண்ணாடியில் என் கண்ணுக்கு அவை வேறு வேறாகவே தெரிகின்றன. ஆனால் கறை நடுவில் பரவிவிட்டது, நகலும் மங்கல். என் கண்ணுக்கு என்ன தெரிய வேண்டும் என்று நான் முன்பே முடிவுசெய்துவிட்டவன். டைம் ஆபீசில் அப்படிப்பட்ட ஒருவனின் சாட்சியத்தை நான் ஏற்றதில்லை. ரேகை பார்க்கத் தெரிந்தவர் எவரிடமும் இதுவரை காட்டவில்லை. காட்டாததற்குக் காரணம் நேரமின்மை என்று எழுதினால் அது பொய்.

தேரன்றைய பக்கத்தின் அடியில் இரண்டு வரிக்கு இடம் மிச்சமிருந்தது. நேற்று, நேற்றைய தேதியைப் போட்டு எழுதிவிட்டேன்: "தான் வைக்கவில்லை என்று சின்னம்மா சொன்னாள். முதல் ரேகை யாருடையது என்பது சரிபார்க்கப்படவில்லை."