இரண்டு நிலா உள்ள கிரகம்

பத்தாவது படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் ஒரு டிபேட் வைத்தார்கள். நட்சத்திரங்களுக்கு நடுவே பெரிய கூட்டாட்சி ஒன்று இருக்கிறதாம். அதிலிருந்து ஒரு சின்னக் கிரகம் பிரிந்துபோகப் பார்க்கிறதாம். போனால் என்னென்ன ஆபத்து என்று இவள் ஐந்து நிமிடம் பேச வேண்டும். சனிக்கிழமை காலை, வளைகுடா நாட்டில், ரோலாவில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் நான் டீயோடு உட்கார்ந்த நேரம் பார்த்து நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அப்பா, ரிஸ்க் சொல்லுங்க. எனக்கு ரெண்டுதான் வருது."

"நான் என்ன ராக்கெட்டா ஓட்டுறேன்? ஆளை விடு" என்று எரிந்து விழுந்தேன்.

இரண்டு நாளாகவே எனக்கு எதைப் பார்த்தாலும் எரிச்சல். அல் குசைஸில் பதினாறு வருடம் வேலை பார்த்த கம்பெனியில் வியாழக்கிழமைதான் ரிசைன் லெட்டர் கொடுத்திருந்தேன். நாலே பேர் இருக்கும் ஒரு புதுக் கம்பெனியில் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டில் மூச்சு விடவில்லை. நல்ல சேதியாக அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தேனா, பயந்தேனா, இன்றுவரை எனக்கே தெளிவில்லை.

வெள்ளிக்கிழமை ஆபீஸில் விசா வேலை பார்ப்பவர் கூப்பிட்டு, குடும்ப விசாவை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். அட கடவுளே! மனைவி, மகள் விசா இரண்டும் என் விசாவில்தான் தொங்குகின்றன. புது விசா இழுத்தடித்தால் மூன்று பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். மகளுக்குப் பரீட்சைக்கு இரண்டே மாதம். இதைப் போய் ஒருவன் மறப்பானா? மறந்தேன். கட்டிடத்தில் பாதிப் பேருக்குக் குடும்ப விசா ஃபாரத்தை நிரப்பிக் கொடுத்தவனே நான்தான்.

"டிஃபென்ஸ், ஃப்யூயல். இவ்வளவுதான் எழுதிருக்கேன்" என்றாள் மகள்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. "அதெல்லாம் கெடக்கட்டும். மொதல்ல, பிரிஞ்சு போறவனோட பழைய பாஸ் செல்லாது. புதுசு வர்ற வரைக்கும் அவன் எந்தக் கணக்குலயும் கெடையாது. ஆஸ்பத்திரியில கார்டு கேப்பான், ஸ்கூல்ல ஐடி கேப்பான். வா வான்னு கூப்பிட்டவன் கடைசி நேரத்துல கைய விரிச்சிட்டா? பழைய கதவையும் நாமளேதான சாத்திட்டு வந்தோம்?"

"சூப்பர்ப்பா! மெதுவா சொல்லுங்க." விறுவிறுவென்று எழுதினாள். "இந்தக் கிரகத்துக்கு ரெண்டு நிலா இருக்கு. அது என்னாகும்?"

"கிரகம் போனா அதுவும் பின்னாலயே போகணும். தனியா பேப்பர் கெடையாது."

"அங்கயும் ஆளுங்க இருக்காங்கப்பா. அவங்களுக்கு ஓட்டு உண்டா?"

ஓட்டு உண்டு என்பதா, இல்லை என்பதா? அப்போதுதான் அடுப்புப் பக்கம் சப்பாத்தி உருட்டும் சத்தம் நின்றுபோயிருப்பதைக் கவனித்தேன். மனைவி மாவுக் கையோடு வந்து நின்றாள்.

"ஏங்க, நாம எந்தக் கதவைச் சாத்துனோம்? வேலைய விடுற லெட்டர் எப்ப குடுத்தீங்க?"

"என்ன லெட்டர்?"

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"வியாழக்கிழமை" என்றேன்.

மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கெட்டிக்காரி, புரிந்துவிட்டது. "அப்ப என் எக்ஸாம்?" என்றாள். எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடினாள்.

திங்கட்கிழமை போய் லெட்டரைத் திருப்பி வாங்கிவிடலாமா? கேட்டால் தருவார்களா? தந்தாலும் அதன்பிறகு அங்கே எனக்கு என்ன மரியாதை? வாங்காமல் போய், அந்த நாலு பேரும் கடையைச் சாத்தினால்? எந்தப் பக்கம் யோசித்தாலும் உதைத்தது. எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

"இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்றாள் மனைவி.

"தெரியல."

அவள் கையிலிருந்த மாவை உதறினாள்.

"ரெண்டு நிலாவும் இந்த ஒரே ரூம்லதான் கெடக்கு. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"