மூன்றாம் ஓலை

என் அண்ணன் கிறிஸ்துராஜ் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். ஊமைக்கோட்டான். கோயிலில் கடைசி வரிசையில் நிற்பான், பிரசங்கம் ஆரம்பித்ததும் வெளியே நழுவிவிடுவான். அவன் மகள் ரெனிதாவோ வாயாடி. குழம்பில் உப்பு கூடினாலும் சண்டை, டிவி ரிமோட்டுக்கும் சண்டை. நெமிலிச்சேரியில் எங்கள் தெரு முழுக்க அந்தச் சத்தம் கேட்கும்.

பிளஸ் டூ முடித்த கோடையில் அந்த வாயால்தான் சொன்னாள்: "எனக்குப் பொண்ணுங்களத்தான் புடிக்கும். ஆம்பளைய கட்டிக்க என்னால முடியாது." அண்ணி அழுதாள். அண்ணன் பாதிச் சோற்றில் எழுந்து போனான். யாரும் அடிக்கவில்லை, துரத்தவில்லை. அப்புறம் அதைப் பற்றி யாரும் பேசவும் இல்லை. பேசாவிட்டால் தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தார்கள், புத்திசாலிகள்!

அவள் டிப்ளமோ முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குப் போனாள். சொந்தச் சம்பளத்தில் ஸ்கூட்டி வாங்கினாள். தன்னைப் போன்ற பிள்ளைகள் கூடும் இடத்துக்கு லீவு நாளில் அதில்தான் போவாள். திரும்பி வரும்போது முகம் தெளிந்திருக்கும், அன்றைக்குச் சண்டையும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

போன வருஷம் ஐயப்பன்தாங்கலிலிருந்து பெனிட்டோ என்ற பையனின் சம்பந்தம் வந்தது. ரெனிதா முடியாது என்றாள். அண்ணி சோறு தண்ணி இல்லாமல் படுத்துவிட்டாள். கடைசியில் பெண், "சரிம்மா" என்றாள். பங்குச் சாமியார் தனியாகக் கூப்பிட்டுச் சம்மதமா என்று கேட்டபோதும் அதே "சரி"தான்.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். பெண் பேர், மாப்பிள்ளை பேர் எல்லாம் சொல்லி, "ஏதேனும் தடை தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று முடிப்பார்கள். பாடகர் குழுவில் இத்தனை வருஷம் நிற்கிறேன், ஒருத்தரும் தெரிவித்துப் பார்த்ததில்லை.

இரண்டாம் ஓலை வாசித்த வாரம், ரெனிதா ஸ்கூட்டிச் சாவியை என் மகள் ஜெனிஷா கையில் கொடுத்துவிட்டாள். கம்மல், ஹெட்போன் எல்லாமும். "எனக்கு இனிமே வேணாம், நீயே வெச்சிக்க" என்றாளாம். அந்த வீட்டில் சண்டைச் சத்தம் நின்று எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது.

நேராகப் போய்ச் சாவியை அண்ணன் முன்னால் வீசினேன்.

"உன் பொண்ணு சொத்து பிரிச்சி குடுத்துகினு கீறா. அவ இன்னா கல்யாணத்துக்குப் போறாளா, சாவப் போறாளா?"

"வாயக் கழுவு ஜெயா!" என்று அண்ணி சீறினாள். அண்ணன் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் ஞாயிறு. ரெனிதா தலைவலி என்று வீட்டிலேயே படுத்துவிட்டாள். சாமியார் ஓலையை வாசித்து முடித்தார். கடைசி வரிசையிலிருந்து அண்ணன் நடுவழியில் நடந்து வந்தான். தடையைப் பூசை முடிந்து சாமியார் அறையில் போய்ச் சொல்ல வேண்டும். இந்த மடையனுக்கு அது எங்கே தெரியும்?

"தடை கீது சாமி. பொண்ணுக்கு இஷ்டம் இல்ல. நாங்கதான் கழுத்தப் புடிச்சித் தள்ளிகினு வந்தோம்."

"பூசை முடியட்டும் கிறிஸ்துராஜ், அப்புறம் பேசலாம்."

"அப்பறம் எனக்குத் தெகிரியம் வராது சாமி."

அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மிச்சத்தை ஊரில் சொல்வதும் சொல்லாததும் அவள் இஷ்டம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அதற்காகவே அவனைக் கும்பிடலாம்.

சாயங்காலம் பெனிட்டோ வீட்டார் வந்து கத்திவிட்டுப் போனார்கள். நியாயம்தான், அந்தப் பையன் என்ன பாவம் செய்தான்?

அவர்கள் போனதும் அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். "ஜனம் காறித் துப்பும்யா!"

"துப்பட்டும், தொடச்சிக்கலாம். பொண்ணு போய்ட்டா இன்னா பண்ணுவ?"

உள்ளேயிருந்து ரெனிதா வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அப்போ என்மேல உனக்குக் கோவம் இல்லியாப்பா?"

"கோவம் கீது. நீ சொல்றது எனக்கு இன்னும் புரியவும் இல்ல. அதுக்காவ உன்ன எவன் ஊட்லயோ தள்ளிட்டு எனக்குத் தூக்கம் வருமா?"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். முதலில் ஓடிப் போய்க் கட்டிக்கொண்டது அண்ணிதான்.